பதினாறு வயதுக்கு அப்பாவின் கையெழுத்து

மார்ச் 3

நகர்மன்றத் தேர்தலில் ஓட்டுப் போடும் வயதைப் பதினாறாகக் குறைக்கலாமா? அடுத்த வியாழக்கிழமை உறுப்பினர்கள் முடிவு செய்கிறார்கள். பெரியவர்கள் பேசி ஓய்ந்துவிட்டார்கள். பிள்ளைகளைக் கேட்டு எழுதலாமே என்றேன். செய்தி ஆசிரியர் தலையாட்டினார்.

மார்ச் 4

தெருமுனை பேக்கரிக்காரரின் மகளைக் கேட்டேன். பதினாறு வயது. விடியுமுன் அப்பாவோடு மாவு பிசைந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவள். லாரி உள்ளே வராதபடி நகர்மன்றம் தெருவை அடைத்தபிறகு, மாவு மூட்டைகளை முனையிலிருந்து சுமப்பது அவள்தான்.

"அவங்க போர்டு வெச்சுட்டுப் போயிட்டாங்க சார். மூட்டை என் தோள்ல வந்து உக்காந்துடுச்சு. என்னை யாரு கேட்டா?"

இந்த மாதம் இதைவிட நல்ல பேட்டி கிடைக்காது. விசிலடித்துக்கொண்டே அலுவலகம் வந்தேன்.

மார்ச் 5

எல்லாம் மண்ணாய்ப் போச்சு. பதினெட்டு நிரம்பாதவர் சொன்னதை அச்சிடப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். எங்கள் பத்திரிகையின் விதி. சந்தோஷத்தில் மறந்தே போனேன்.

அவளிடம் சொன்னபோது சிரித்துவிட்டாள். "நாங்க ஓட்டுப் போடலாமான்னு நாங்க சொல்றதுக்கே அப்பா கையெழுத்தா?" பிறகு முகம் வாடிவிட்டது. "போட மாட்டார் சார்."

மார்ச் 6

போடவில்லை. கோபப்படவும் இல்லை; சூடாக ஒரு பன் கொடுத்து உட்கார வைத்தார். லாரி வராததால் கடைவாசலில் தூசி இல்லை, நடந்து வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், அவருக்குத் திருப்தி. "நேத்து அடுப்பை அணைக்காம போனவ ஊரை நடத்தப் போறாளாக்கும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "அணைக்காதது நீங்கப்பா."

அவருக்குக் காது கேட்கவில்லை.

அவர் கருத்தை அச்சிட எந்தக் கையெழுத்தும் வேண்டாம். மகளை விட்டுவிட்டு அப்பாவை மட்டும் போடுவதா? கட்டுரையை எடுத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 9

பள்ளிச் சீருடையோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வியாழக்கிழமைக்கு முன்னால் யார் காதிலாவது விழ வேண்டும், அப்புறம் எழுதி என்ன பிரயோஜனம் என்றாள். நகர்மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாமே என்று சொல்ல வாயெடுத்தேன் — அட! அதற்கு வயது வரம்பு கிடையாது. பொதுக்கூட்டத்தில் பேசியதை அச்சிட யார் அனுமதியும் வேண்டாம். இத்தனை நாள் என் மூளை எங்கே மேயப் போயிருந்தது?

மார்ச் 12

பேசினாள். முதலில் குரல் நடுங்கியது, மூட்டைக்கு வந்ததும் சரியாகிவிட்டது. மூத்த உறுப்பினர் ஒருவர், இதையெல்லாம் யாரம்மா எழுதிக் கொடுத்தது என்று கேட்டார்.

"தூக்கறவளுக்கு எழுதி வேற குடுக்கணுமா சார்?"

மன்றமே சிரித்தது. கடைசி வரிசையில் சட்டைக் கையில் மாவோடு நின்ற அவள் அப்பாவும் சிரித்துவிட்டு, உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். தீர்மானம் இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

மார்ச் 13

முதல் பக்கம். அவள் சொன்னது அப்படியே.

செப்டம்பர் 20

தேர்தல் நாள். பேக்கரி பூட்டியிருந்தது. வாக்குச்சாவடி வரிசையில் அப்பாவும் மகளும் முன்னும் பின்னுமாக நின்றார்கள். தெருவை அடைக்கச் சொன்ன உறுப்பினருக்குத்தான் அப்பாவின் ஓட்டு. அவரை எதிர்த்து நிற்பவருக்கு இவளுடையது. என்னைப் பார்த்ததும் அப்பா புலம்பினார். "நான் போடறதை இவ அழிக்கறா, இவ போடறதை நான் அழிக்கறேன். ரெண்டு பேருமே வீட்ல இருந்தா தூக்கமாவது மிச்சம்னு நேத்தே சொன்னேன்."

"நீங்க வேணா போய்த் தூங்குங்கப்பா," என்றாள் அவள் திரும்பாமலே. "நான் இருந்து போட்டுட்டு வரேன்."

வரிசை நகர்ந்தது. அவரும் ஓரடி முன்னே எடுத்து வைத்தார்.