அண்ணி எப்படி இருக்காங்க?

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணாவும் அண்ணியும் நலந்தானே? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இதைப் படித்துவிட்டு அழுது ஊரைக் கூட்டாதே.

அண்ணிக்குக் கர்ப்பப்பைக் கட்டிக்கு வைத்தியம் நடந்த அதே வாரம், நான் வேலை பார்க்கிற இந்த ஊரில் எனக்கும் அதே வைத்தியம் நடந்தது. வயிற்றைக் கிழிக்கவில்லை. தொடையில் சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகிற ரத்தத்தை அடைத்துவிட்டார்கள். மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து என் வாடகை அறைக்கு வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் உன்னால் வரவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

தினமும் போனில், "அண்ணி எப்படி இருக்காங்க? வலி குறைஞ்சுதா? எத்தனை நாள் கனம் தூக்கக் கூடாது?" என்று துருவித் துருவிக் கேட்டேனே, எல்லாம் எனக்காகத்தான். நீ சொன்னதை அப்படியே செய்தேன். "நாத்தனார்னா உன்னை மாதிரி இருக்கணும்டி" என்று நீ வேறு புகழ்ந்தாய். பாசமாவது மண்ணாவது! எனக்கு வயிறு எரிந்தது. அண்ணிக்கு ஒத்தடம் கொடுக்க நீ இருந்தாய். நான், என்னோடு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற தோழி தந்த பழைய துண்டை இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கி, நானே வைத்துக்கொண்டேன். அண்ணிக்குத் தலை வாரிப் பின்னிவிட்டதாகச் சொன்னாயே, அன்று போன் தானாகக் கட்டாகவில்லை. நான்தான் வைத்தேன்.

ஒத்தடத்துக்கு உன் பழைய நூல்சேலை ஒன்று அனுப்பு. அண்ணி ஒருமுறைகூடக் கட்டாததாகப் பார்த்து அனுப்பு.

துண்டு சூடாகிவிட்டது, முடிக்கிறேன். நாளைக்குப் போனில் பழக்கதோஷத்தில் அண்ணியைப் பற்றிக் கேட்பேன். பதில் சொல்லாதே. "நீ எப்படிடி இருக்கே?" என்று கேள்.

உன் வயிற்றில் பிறந்தவள்