கழுவாமல் வர்ணம் அடித்த லாரிகள்

அன்புள்ள அண்ணா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. வேறு எப்படி உன்னைக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. நினைவு நாளுக்கு நோட்டீஸ் அடிக்கிறோம், தங்கச்சி நாலு வார்த்தை எழுதட்டும் என்று உன் சிநேகிதர்கள் கேட்டார்கள். எழுதுகிறேன். அச்சடிப்பதும் அடிக்காததும் அவர்கள் பாடு.

கும்மிடிப்பூண்டிப் பட்டறைக்கு நாம் இருவரும் ஒரே ரயிலில்தான் போவோம். ஷோரூமில் காட்சிக்கு வைக்கிற முழ நீள ரெசின் பொம்மை லாரிகளை அங்கே செய்வார்கள். முகப்பு, சக்கரம், பாடி எல்லாம் அச்சிலிருந்து தனித்தனித் துண்டாக வரும். துண்டுகளைப் பக்குவம் செய்வது என் வேலை. ஒட்டி வர்ணம் அடிப்பது உன் வேலை.

அச்சில் தடவிய மெழுகு ஒவ்வொரு துண்டிலும் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு, பழைய பல் பிரஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும். அப்புறம்தான் பிசிறு அறுப்பது, தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுவது, காற்றுக்குமிழி விட்ட ஓட்டைகளுக்குப் பட்டி வைப்பது எல்லாம். மெழுகு போகாவிட்டால் அத்தனையும் வீண், வர்ணம் நிற்காது. இது உனக்குத் தெரியாதா?

ஒரு ஆடியில் பெரியபாளையத்து அம்மனுக்குப் பொங்கல் வைக்க ஒரு நாள் லீவு எடுத்தேன். அவசர ஆர்டரின் துண்டுகள் அப்படியே கிடந்தன. மறுநாள் வந்தால், வர்ணம் அடித்துப் பெட்டியில் அடுக்கியிருந்தாய்.

"கழுவினியாண்ணா?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஆச்சி. நீ உன் வேலையப் பாரு."

ஆர்டருக்குப் போன லாரிகள் திரும்பி வந்தன. நகம் பட்டால் சிவப்பு வர்ணம் தோல் தோலாக உரிந்தது. முதலாளி எல்லாரையும் நிற்க வைத்து, யார் கழுவியது என்று கேட்டார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "என் தங்கச்சிதான் சார். லீவுக்கு முந்தின நாளே கழுவி வச்சிட்டுப் போனா."

உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்திருந்தால் உன் வேலை போயிருக்கும். அண்ணிக்கு அப்போது நிறைமாதம். அன்றே என்னை அனுப்பிவிட்டார்கள். நாளைக்குச் சொல்வாய், நாளைக்குச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

எளாவூரில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடையில் இரண்டு வருஷம் பாத்திரம் தேய்த்தேன். ஒரு நாள் நீயும் அங்கே வந்தாய். நான் தேய்த்த தட்டில் தின்றுவிட்டு, "நல்லாக்கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாய். அந்தச் சோறு எப்படி இறங்கியது உனக்கு?

மஞ்சள் காமாலையில் நீ கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியதும் நான்தான். அப்போதும் நீ சொல்லவில்லை.

போன மாதம் அண்ணி வந்தாள். "அவரு போறதுக்கு முந்தி எங்கிட்ட எல்லாத்தயும் சொன்னாரு மல்லிகா. ஒங்கிட்ட சொல்லத்தான் வாய் வர்லயாம்" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? பட்டறைல வந்து சொல்லு" என்றேன்.

வந்தாள். சாப்பாட்டு நேரத்தில், அத்தனை பேர் முன்னால், புருஷன் செய்ததைச் சொன்னாள். தலை குனியவில்லை.

முதலாளி என்னைப் பார்த்து, "அப்பவே நீ ஏம்மா சொல்லல?" என்றார்.

"நீங்க ஏன் சார் என்னக் கேக்கல?" என்றேன்.

முதலாளி திரும்ப வேலைக்கு வரச் சொன்னார். வர்ண மேசை தந்தால் வருகிறேன் என்றேன். தந்துவிட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து அண்ணியும் வேலைக்கு வருகிறாள், துண்டு கழுவ. உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். அவள் கழுவியதில் நான் அடிக்கிற வர்ணம் என்றைக்காவது உரிந்தால், யார் வந்து கேட்டாலும் என் பெயரைத்தான் முதலில் சொல்வேன்.

உன்னை இன்னும் மன்னிக்காத கூடப்பிறந்தவள்,
மல்லிகா