இடது கைக்காரி அஞ்சலையும் ஒன்பது கையெழுத்தும்

அக்கா,

எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துக்கு இன்று காலையிலிருந்து சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை சன்னல் வழியாக வந்து சமையற்கட்டு வரைக்கும் நிறைந்துவிட்டது. நாளை மறுநாள் யாரோ ஒரு பெரிய அதிகாரி வருகிறாராம். வெயிலில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துக் கைதட்டப் பழக்குகிறார்கள். "சத்தம் பத்தல. சிரிச்சிக்கினே தட்டணும்" என்று ஒரு டீச்சர் கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது. குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன்.

சுண்ணாம்பு வாசனை ஒத்துக்கொள்ளவில்லையா என்று மகள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். சுண்ணாம்பு என்ன செய்தது, பாவம்.

நீங்கள் இறந்து மூன்று வருடம் ஆகிறது என்பது எனக்குப் போன மாதம்தான் தெரியும். விழுப்புரம் மார்க்கெட்டில் உங்கள் தம்பியைப் பார்த்தேன். அவராகத்தான் என்னை அடையாளம் கண்டு சொன்னார். அன்றிலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இருந்தது. படிக்க ஆள் இல்லாத கடிதத்தை எழுதுவதற்குப் பெரிய தைரியம் எதுவும் வேண்டியதில்லை. என் தைரியத்தின் அளவு உங்களுக்குத் தெரியாததா?

திண்டிவனத்தில் அந்தப் பெண்கள் பள்ளியில் நான் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். எனக்கு இருபது வயது. நான் இரண்டாம் வகுப்பு டீச்சர், நீங்கள் மூன்றாம் வகுப்பு. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஓர் ஓலைத்தட்டிதான் மறைப்பு. நீங்கள் அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் என் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும். தினமும் விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் வருவீர்கள். உங்கள் சம்பளத்தில்தான் அம்மாவும் இரண்டு தம்பிகளும் சாப்பிட்டார்கள். கூலிக்காரக் குடும்பத்திலிருந்து டிரெயினிங் முடித்து வந்த முதல் ஆள் நீங்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள், குரலைத் தாழ்த்தி.

ஆசிரியைகள் அறையில் ஒரு மண்பானை, அதன்மேல் ஒரு டம்ளர். உங்களுக்கு மட்டும் சன்னல் திட்டில் இன்னொரு டம்ளர் கவிழ்த்திருக்கும். யார் அப்படி வைத்தது என்று நான் ஒருத்தியைக்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் வரும்போதே அது அங்கே இருந்தது, அதனால் இருந்தது. ஒரு நாள் நான் அவசரத்தில் அந்த டம்ளரை எடுக்கப்போனேன். தையல் டீச்சர் என் கையைத் தட்டிவிட்டு, "அது இல்ல" என்றார். நான் "ஓ" என்றேன். என்ன ஒரு "ஓ"! இப்போது நினைத்தாலும் நாக்கைக் கழுவத் தோன்றுகிறது.

வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். அவர் எழுதும் குறிப்பில்தான் பள்ளியின் அங்கீகாரம். அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே பெரிய டீச்சர், அதாவது நம் தலைமையாசிரியை, ஒவ்வொரு வகுப்பாக வந்து அந்தக் கைதூக்கும் ஒத்திகையை நடத்துவார். கேள்வி கேட்டால் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கையைப் பார்த்து எழுப்புவார். இன்ஸ்பெக்டருக்கு அத்தனை பிள்ளைகளும் கெட்டிக்காரப் பிள்ளைகள். அந்தக் காலத்தில் எங்கெங்கோ இதைச் செய்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கெங்கோ செய்தால் எனக்கென்ன, நான் செய்தேன்.

வெறுமனே செய்யவும் இல்லை. என் பிள்ளைகள் சின்னவர்கள், எந்தக் கை எது என்று குழம்பினார்கள். நானே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மக்குப் பிள்ளைகள் என்று நான் முடிவுசெய்த பன்னிரண்டு பேருக்கு வலது உள்ளங்கையில் ஒரு பல்பத்தைக் கொடுத்து இறுக்கி மூடிக்கொள்ளச் சொன்னேன். சும்மா இருக்கும் கையைத் தூக்கினால் போதும், தப்பு வராது. பெரிய டீச்சர் பார்த்துவிட்டு, "புத்திசாலிப் பொண்ணு" என்று என் தோளில் தட்டினார். அன்று சாயங்காலம் வரைக்கும் தரையில் கால் படவில்லை எனக்கு.

உங்கள் வகுப்பில் அவர் ஒத்திகை நடத்தியபோது நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றீர்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். சாப்பாட்டு வேளையில் உங்களைக் கேட்டேன்.

"ஏன்க்கா அவங்ககிட்ட பேஜாரு? ஒரு நாள் கூத்துதானே?"

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டுமே பாப்பா. அதுக்குத்தானே நாம இருக்கிறோம்" என்றீர்கள். அவ்வளவுதான். பெரிதாக வாதம் செய்யவில்லை. டப்பாவை மூடிவிட்டுக் கைகழுவப் போய்விட்டீர்கள்.

உங்கள் வகுப்பில் அஞ்சலை என்று ஒருத்தி இருந்தாள். தாய் வேர்க்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை ஆயப் போகிறவள். அஞ்சலைக்கு எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் தெரியும், ஆனால் அவள் பிறவி இடது கைக்காரி. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் முட்டியில் அடித்து அடித்து அவளை வலது கையில் எழுதப் பழக்கியிருந்தார்கள். இரண்டாம் வகுப்பில் அடித்தவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எழுத்து மாறியது, கைதூக்குவது மாறவில்லை. பதில் தெரிந்த சந்தோஷத்தில் இடது கைதான் முதலில் மேலே போகும். ஒத்திகையில் நாலு தடவை அப்படியே ஆனது. பெரிய டீச்சர் அவள் தாயை வரச்சொல்லி, "இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கி இவள அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார். தாய் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று நாலு முறை கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. படித்த நாங்களே கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று காலையில் நீங்கள் ஸ்டேஷனிலிருந்து நேராக அவர்கள் தெருவுக்குப் போய், மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அஞ்சலையை எழுப்பி, முகம் கழுவிவிட்டுக் கையோடு கூட்டிவந்தீர்கள். பெரிய டீச்சர் பார்ப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது.

நடந்ததை நான் பார்க்கவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பில் நின்றிருந்தேன். ஆனால் ஒரு சொல் விடாமல் கேட்டது. இன்ஸ்பெக்டர் ஏதோ கணக்குக் கேட்டார். பாவாடைகள் சரசரக்கும் சத்தம், கைகள் எல்லாம் மேலே. பிறகு அவர் குரல்.

"முன்வரிசையில இடது கை தூக்கியிருக்கே, அந்தப் பொண்ணு சொல்லட்டும்."

அஞ்சலை எழுந்து விடையைச் சரியாகச் சொன்னாள்.

"பேஷ். ஏம்மா, கைய மாத்தித் தூக்கறே?"

"எனுக்கு இந்தக் கைதான் சார் வருது. மத்தவங்க தெரியலன்னாத்தான் சார் இந்தக் கையத் தூக்குவாங்கோ. எனுக்குத் தெரியும் சார்."

பெரிய டீச்சர் இருமினார். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, அக்கா. இன்ஸ்பெக்டர் சிரித்தார். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பு வரும் சிரிப்பு அது. "நல்ல பொண்ணு, உக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு, அதாவது என் வகுப்புக்கு, வந்தார். ஒரு கேள்வி கேட்டதும் என் பன்னிரண்டு பேரும் பல்பத்தை இறுக்கிக்கொண்டு இடது கையைத் தூக்கினார்கள். அவருக்கு இப்போது எல்லாம் புரியும். புரிந்த முகத்தோடு பார்த்துவிட்டு, யாரையும் எழுப்பாமல் கோழிக் குழம்பு சாப்பிடப் போனார். குறிப்பேட்டில் "மாணவியரின் ஒழுக்கம் மிக நன்று" என்று எழுதிவைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். நாங்கள் வாசல் வரை போய்க் கைகூப்பி வழியனுப்பினோம். தூ!

பள்ளிக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஆனால் பெரிய டீச்சருக்கு முகம் போய்விட்டதே. நீங்கள்தான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து வேண்டுமென்றே கூட்டிவந்தீர்கள் என்றார். இன்ஸ்பெக்டர் முன்னால் தன்னை அவமரியாதையாகப் பேசினீர்கள் என்றார். நிர்வாகத்துக்கு ஆசிரியைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு புகார் கொடுக்க வேண்டும் என்றார்.

சுற்றறிக்கை நோட்டு உங்களுக்கு நினைவிருக்கும். ஆயா அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுவருவாள். பாடத்தை நிறுத்தாமல், சீனியாரிட்டிப்படி ஒருவர் பெயருக்குக் கீழே ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். விடுமுறை அறிவிப்போ கொடிநாள் வசூலோ, யாரும் படிப்பதில்லை. மேலே இருக்கும் கையெழுத்துதான் நமக்குத் தைரியம். அந்தப் புகாரும் அந்த நோட்டுக்குள்தான் செருகி வந்தது, உங்கள் வகுப்பை மட்டும் தாண்டிக்கொண்டு. என்னிடம் வந்தபோது எட்டுப் பேர் போட்டிருந்தார்கள். தையல் டீச்சர் நாலாவது. அவர் எதிரே வந்தபோது கண்ணால் கேட்டேன். "நமக்கு ஏன் வம்பு? ஜல்தியா போட்டுட்டுப் போ" என்றார். நான் ஒன்பதாவது. போட்டேன்.

நிர்வாகம் உங்களை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் வந்த அன்று நீங்கள் ஆசிரியைகள் அறைக்கு வந்தீர்கள். ஒன்பது பேரும் இருந்தோம். ஒருத்தி கூந்தலை அவிழ்த்து முடிந்தாள். ஒருத்திக்குத் திடீரென்று அலமாரியில் ஏதோ தேட வேண்டியிருந்தது.

"யாராவது ஒருத்தர், நான் அப்டிப் பேசினேன்னு என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. நான் போயிடறேன்" என்றீர்கள்.

நான் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே திருத்திய சிலேட்டையே மறுபடியும் திருத்தினேன். நீங்கள் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனீர்கள். மறுநாள் அந்தச் சன்னல் டம்ளரை ஆயா எடுத்துப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொண்டாள். அஞ்சலையும் அந்த வாரத்தோடு நின்றுவிட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையில் அடித்தார்கள்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி விழுப்புரத்துக்கே வந்துவிட்டேன். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு நாள் மத்தியானம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் உங்களைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி ஆயா உடுத்தும் நீலக்கரைச் சேலை. டிரெயினிங் முடித்த டீச்சர், ஆஸ்பத்திரி வார்டில் மலத்தட்டு எடுக்கும் வேலையில் இருந்தீர்கள். பெரிய தம்பி படிப்பை விட்டுவிட்டு லோடு ஏற்றப் போவதாகச் சொன்னீர்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் கேட்டது அஞ்சலையைப் பற்றித்தான்.

"அஞ்சல படிக்கிறாளா?"

"நின்னுட்டாக்கா."

நீங்கள் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. நீங்கள் கேட்காத கேள்விக்கு நானாகப் பதில் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பேப்பர நான் படிக்கவே இல்லக்கா. சுத்தறிக்கைன்னு நெனச்சி போட்டுட்டேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "சரி பாப்பா. டீ ஆறிப்போவுது, குடி" என்றீர்கள். டீயும் நீங்கள் வாங்கிக்கொடுத்ததுதான். வெட்கமில்லாமல் குடித்தேன். தப்பித்துவிட்டோம் என்று நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

இவ்வளவு நேரமும் ஒன்றைச் சொல்லாமல் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருக்கிறேன், அக்கா. ஒன்பதாவதாகப் போட்டேன் என்று மேலே எழுதினேனே, அது உண்மைதான். ஆனால் அந்தத் தாளை முதலில் தொட்டவளும் நான்தான். பெரிய டீச்சர் தன் கோணல் எழுத்தில் கிறுக்கிய வரைவைக் கொடுத்து, "உன் எழுத்து மணிமணியா இருக்கும், நல்லா ஒரு காப்பி எழுதிக் குடு" என்றார். வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று மேஜையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன். பிரார்த்தனைக் கூடத்துக் கரும்பலகையில் தினமும் என் எழுத்தைப் பார்த்தவர் நீங்கள். நிர்வாகம் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தோடு அந்தப் புகாரையும் இணைத்திருந்தது. பிளாட்பாரத்தில் நான் படிக்கவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னபோது, உங்களுக்கு எல்லாம் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த வரைவில் நீங்கள் அவமரியாதையாகப் பேசினீர்கள் என்பதோடு புகார் முடிந்திருந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். முடிவு மொட்டையாக இருக்கிறதே என்று பட்டது. "இதை நாங்கள் அனைவரும் நேரில் கண்டோம், காதால் கேட்டோம்" என்று ஒரு வரி சேர்த்தேன். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, நீங்கள் வாயே திறக்கவில்லை என்பதைக் கேட்ட நானே சேர்த்தேன். பெரிய டீச்சர் படித்துவிட்டு, "இதுதான், இதுதான்" என்றார். உங்களை நீக்கிய உத்தரவில், ஒன்பது பேர் நேரில் கண்ட சாட்சி என்பதைத்தான் காரணமாகக் காட்டியிருந்தார்கள்.

இத்தனை வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தையும் பெரிய டீச்சரையும் இன்ஸ்பெக்டரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். சொன்னதைச் செய்தேன், சின்ன வயசு, வேறு வழியில்லை என்று எனக்கே ஆயிரம் முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரிய டீச்சர் என்னிடம் கேட்டது ஒரு காப்பி. அந்த வரியை என்னிடம் யாரும் கேட்கவில்லை, அக்கா.