திரும்பி வந்த அபராதம்

மஸ்கட்

அன்புள்ள கலைவாணிக்கு,

நீயும் நிலாவும் நலந்தானே? நைனாவின் மூட்டுவலி தேவலையா? நான் இங்கே சுகமே.

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் லீவில் செஞ்சிக்கு வரும் என் ரூம்காரன் அன்புமணியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் கணக்கில் மாதாமாதம் குறைந்த பணத்தை யாரும் எடுக்கவில்லை. ஜீரோ பேலன்ஸ் கணக்கை உன்னைக் கேட்காமலேயே சாதாரணக் கணக்காக மாற்றிவிட்டு, இருப்பு குறைவென்று பேங்க்தான் அபராதம் பிடித்திருக்கிறது. என் நம்பரைக் கொடுத்திருந்ததால் மெசேஜ் எல்லாம் எனக்கே வந்தன. விளம்பரமென்று படிக்காமலே அழித்தவன் நான். இரண்டு முறை புகார் எழுதினேன். நேற்று பிடித்த மூவாயிரத்து நூறு ரூபாயும் திரும்ப ஏறிவிட்டது.

ஆனால், அந்தப் பணத்தை "அவலூர்பேட்டைக்குப் போயி உங்கம்மா கையில குடுத்துட்டியா?" என்று கேட்டேனே! அன்றிலிருந்து கொத்தமல்லி வாங்கியதைக்கூட நோட்டில் எழுதிப் போட்டோ அனுப்புகிறாய். வீடியோ காலில் நிலாவை மட்டும் காட்டுகிறாய்.

அன்புமணி திரும்பும்போது கொஞ்சம் குழம்புத்தூள் கொடுத்தனுப்பு. கம்பெனி வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். இனி நோட்டைப் படம் பிடிக்காதே. நீ இருக்கிற படம் ஒன்று அனுப்பு, போதும்.

குரு