மாதாவுக்கு நேர்ந்த முடி

அக்கா,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை.

உன் கொழுந்தனுக்கு நீள முடிதான் பிடிக்கும் என்று சிங்கப்பூரிலிருந்து நீ போனில் சொன்னாலும் சொன்னாய், அம்மா தினமும் வரப்பில் கரிசலாங்கண்ணி பறித்து, தேங்காயெண்ணெயில் காய்ச்சி என் தலையில் தேய்க்கிறாள். "இடுப்பைத் தொடட்டும்டி, பூ வைக்க வர்றாங்க" என்கிறாள்.

பத்தாவது படிக்கிறவளைக் கட்டிக்கொடுக்க நீ யார்?

இன்று கோயிலில் பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாவது பாஸானதும் வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக மாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன். அதுவரை என் படிப்பை யார் நிறுத்துவது? அப்பா பூசைக்கு வரவில்லை, அவருக்கு இன்னும் தெரியாது. எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

சாயங்காலம் அம்மா மறுபடி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "மாதாவுக்குப் போற முடி, நீளமா இருக்கட்டும்" என்றாள்.

உன் கொழுந்தனிடம் நீயே சொல்லிக்கொள்.

உன் தங்கச்சி