கதவோரம் நான் போடாத மேசை

அன்பே ஷமீலா,

நம் மாநாடு முடிந்து மூன்று நாளாகிறது. எல்லாரும் நன்றாக நடந்தது என்கிறார்கள். எனக்கோ ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் குடிக்க மறந்து, மறுபடியும் ஊற்றுகிறேன். வேலைக்கென்று கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே திரையை மணிக்கணக்கில் பார்க்கிறேன். உன்னிடம் சொன்னாலாவது அடங்குமா?

மலையகப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே ஒருநாள் தொழில்நுட்ப மாநாடு என்ற பேச்சு தொடங்கியதே ஹட்டனில் உன் வாப்பாவின் கடையில்தான். நீ யாருடைய போனையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பாய். நான் எதிரே உட்கார்ந்து யார் யாரைப் பேச அழைக்கலாம் என்று எழுதிக்கொண்டிருப்பேன். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனத்துக்கு மென்பொருள் சோதித்துக் கொடுக்கிறவள் என்ற பெருமை எனக்கு. மேடை, பதாகை, கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாம் எனக்கு வேண்டியிருந்தன. நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒருநாள் போனில்.

"கோமதி, கதவுகிட்ட ஒரு மேச போடு. நான் உக்காந்துக்கிறேன். பொம்பளைங்க போன கொண்டு வருவாங்க, வந்த மெசேஜ படிச்சு சொல்லுவோம். கடைக்கு தெனம் வாறாங்கடி. இங்கிலீசும் சிங்களமும் வாசிக்க ஏலாம."

"இது மாநாடு ஷமீ. ரிப்பேர் கடையில்ல."

அப்படிச் சொல்லிவிட்டு நான் போனை வைத்தேன். நீ கோபித்துக்கொண்டிருக்கிறாய், தானாகவே பேசுவாய் என்று காத்திருந்தேன். உனக்குக் காய்ச்சல் கண்டதும், கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும், எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியாக நீ கேட்ட என் குரல் அதுதான். அதை எப்படி அழிப்பது?

நீ போன பிறகு மாநாட்டை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாப்பாதான், "அவ ஆசப்பட்டது மகள், நிப்பாட்டாதீங்க" என்றார். சரியென்று டிக்கோயாவில் ஒரு மண்டபம் பிடித்தேன். மேசையைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. ஆனாலும் பிள்ளைகள் வந்தார்கள். மகள்களைத் தனியே அனுப்ப மனமில்லாத அம்மாக்களும் கூடவே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த தம்பி ஒருவர் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தமிழில்தான் பேசினார், ஆனால் பாதி வார்த்தைகள் இங்கிலீஷ். கால் மணி நேரம் போயிருக்கும். பின்வரிசையில் ஒரு அக்கா எழுந்து நின்றார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இந்த மெசேஜ கொஞ்சம் படிச்சு சொல்றீங்களா? எட்டு நாளா கெடக்கு."

மண்டபம் சிரித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் அந்த அக்காவின் தோளைப் பிடித்து, "அக்கா, பேச்சு முடியட்டும், உக்காருங்க" என்று அழுத்தினேன். அந்தக் கை இன்னும் கூசுகிறது.

நல்லவேளை, அந்தத் தம்பியே மேடையிலிருந்து இறங்கி வந்து போனை வாங்கினார். வாசித்ததும் அவர் முகம் மாறியது.

"பவித்ரா யாரு அக்கா?"

"என் மக. கொழும்புல துணிக்கடையில நிக்கிறா. ஏன் தம்பி?"

"தாதியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்காங்க. வாறோம்னு இணையத்துல உறுதிப்படுத்தணும். இன்னைக்குத்தான் கடைசி நாள்."

விண்ணப்பித்தபோது மகளிடம் சொந்தமாகப் போன் இல்லை, அம்மாவின் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறாள். பவித்ராவைப் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. வேலை நேரத்தில் போனைத் தொட விடமாட்டார்களாம். கடைசியில் கடை முதலாளியிடமே பேசி அவளை வரவழைத்தோம். அழுதுகொண்டே அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னாள். மண்டபத்துக்குள் சிக்னல் இல்லை. ரோட்டில், மழையில், ஒருத்தி குடை பிடிக்க நான் படிவத்தைப் பூர்த்தி செய்தேன். இணையப் பக்கம் இரண்டு தடவை அப்படியே நின்றுபோனது. மூன்றாவது தடவைதான் போனது.

"சரியாப் போச்சுங்களா?" என்று பவித்ராவின் அம்மா கேட்டுக்கொண்டேயிருந்தார். போய்விட்டது என்றதும் ரோடென்றும் பாராமல் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நானும் நன்றாகத் தூங்கியிருப்பேன். உள்ளே வந்தபோது இன்னொருவர் கதவருகே எனக்காக நின்றிருந்தார். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்துச் சரோஜா அக்கா. போனை நீட்டினார். சிங்களத்தில் ஒரு செய்தி. அவருடைய மகனுக்கு ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, வந்து பதிவு செய்யுங்கள் என்று. கொடுத்த தேதி கடந்து பத்து நாளாகியிருந்தது.

நான் வாசித்துச் சொன்னேன்.

"அவன் போன் ஒடஞ்சு போச்சும்மா, என் நம்பரத்தான் குடுத்திருந்தான். ராகலையில மரக்கறித் தோட்டத்து வேலைக்குப் போயிட்டான். முந்தியெல்லாம் ஹட்டன்ல ஒரு முஸ்லிம் புள்ள கடையில இருக்கும். எது வந்தாலும் அதுதான் படிச்சு சொல்லும். அது எறந்து போச்சின்னாங்க. அதுக்கப்புறம் யாருகிட்ட காட்டுறதுன்னு தெரியல."

ஷமீலா, உன்னைத்தான் சொன்னார். நான் உனக்குத் தெரிந்தவள் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மேடையிலிருந்த மேசையை நானும் அந்தக் கொழும்புத் தம்பியுமாகக் கதவோரத்துக்கு இழுத்து வந்தோம். சிங்களம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள். போன்களில் இருந்தவை பெரும்பாலும் விளம்பரங்கள்தான். இரண்டு கிளினிக் தேதிகள் இருந்தன. ஒருவருக்கு மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து. வாசிக்க வாசிக்க வரிசை நீண்டது. பின்னேரத்துப் பேச்சுகள் இரண்டை நிறுத்த வேண்டியதாயிற்று. அதில் ஒரு பேச்சைக் கேட்கவே இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: "அக்கா, நாங்க கத்துக்கத்தானே வந்தோம்?" பேச்சுக்கும் மேசைக்கும் இடம் வைத்துத் திட்டமிட்டிருக்க வேண்டியவள் நான். நீ கேட்டபோதே ஒரு மேசையைக் கொடுத்திருந்தால் அவளும் ஏமாந்திருக்க மாட்டாள்.

நன்றாக நடந்தது என்று சொல்கிறவர்களிடம் என்ன சொல்வது? ஒரு பிள்ளைக்கு வழி பிறந்தது உண்மை. ஆனால் நீ போனதும் உன்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நான் ஒரு நாளாவது நினைத்தேனா? அவர்களுக்கென்று மாநாடு நடத்துகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தானே?

நேற்றுக் கல்லூரிக்குப் பேசினேன். பதிவு முடிந்துவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார்கள். யாராவது வராமல் விட்ட இடம் இருக்கிறதா என்று கேட்டேன். நேரில் வந்து அதிபரைப் பாருங்கள் என்றார்கள். கிடைக்குமா? தெரியவில்லை.

கல்லூரிக்குப் போவதற்காக நாளைக்கு வேலைக்கு விடுப்பு எடுத்துவிட்டேன். சரோஜா அக்காவும் நாளைக்குத் தோட்ட வேலைக்கு வரமாட்டேன், பெயர் போட வேண்டாம் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டார். மகன் ராகலையிலிருந்து நேரே வந்துவிடுவான். இல்லை என்று சொன்னால் அடுத்த தடவை பிள்ளைகளை எப்போது எடுப்பார்கள் என்று எழுத்தில் வாங்குவேன். அந்தப் பையன் ஒரு வகுப்பில் போய் உட்காரும்வரை இதை விடமாட்டேன், ஷமீ. இது உனக்கு நான் தரும் வாக்கு.

"இவதான் எங்க உம்மாட மூத்த மக" என்று கடைக்கு வருகிறவர்களிடம் நீ சொல்லித் திரிந்த,
உன் அக்கா
கோமதி