கல்லறையில் வைத்த களி

சித்தூர்,
18-1-1960

அன்புள்ள தம்பி இயேசுதாசனுக்கு, கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காக்கும்படி ஜெபித்து அக்கா கிருபாபாய் எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். நீ உபதேசியாராக இருக்கும் திருத்தணி, ஏப்ரலில் மெட்ராஸோடு சேருகிறதாமே. ஒரே ஜில்லாவில் இருந்த நாம் இனி வேறு வேறு ராஜ்யம். அடுத்த மாதம் உனக்குக் குருப்பட்டம் என்று போதகர் கிருபானந்தம் ஐயர் ஆராதனையில் அறிவித்தார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

போன வருஷம் அம்மா சாகும்முன் நாலு நாளும் கேழ்வரகுக் களி கேட்டதும், டாக்டர் பேச்சைக் கேட்டு நான் கொடுக்காமல் விட்டதும் உனக்குத் தெரியும். அந்த வேதனையை எழுதியபோது நீதான் பதில் போட்டாய்: "நாம் கல்லறைக்குப் பூ வைக்கும் நவம்பர் நாளே சபைக்கு முந்தியது அக்கா. வெள்ளைக்காரரின் முன்னோர்கள், அறுப்பு முடிந்ததும் செத்தவர்களுக்குச் சாப்பாடு எடுத்து வைத்த காலம் அது. சபை அதைத் தள்ளவில்லை. பரிசுத்தவான்களின் பெயரைச் சூட்டி ஏற்றுக்கொண்டது. நீ களி வைத்தால் ஆண்டவர் கோபிக்க மாட்டார்."

அதை நம்பித்தான் நவம்பர் இரண்டாம் தேதி அம்மாவின் கல்லறையில் ஒரு இலை போட்டு, களியும் கீரைக்கடைசலும் வைத்தேன். மூப்பர் சின்னப்பன் பார்த்துவிட்டார். "பொணத்துக்குப் படையல் போட்டுக்கினு ராப்போஜனத்துக்கு வேற வர்றியாம்மா?" என்று சபைக் கமிட்டியில் கேட்டார். தம்பி படித்துச் சொன்னதைத்தான் செய்தேன் என்றேன். உன்னைக் கேட்டு எழுதினார்கள்.

உன் பதிலை எல்லார் முன்பாகவும் வாசித்தார்கள். "நான் அப்படி எதுவும் எழுதவில்லை. என் அக்கா இன்னும் அஞ்ஞானப் பழக்கத்தை விடவில்லை. சபை எடுக்கும் முடிவுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்." ஐயரிடம் வாங்கிப் பார்த்தேன். உன் கையெழுத்தேதான்.

அப்போது உன் பழைய கடிதம் என் பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் உன் பட்டம் நின்றிருக்கும். காட்டவில்லை. பொய்க்காரி என்ற பெயரோடு வீட்டுக்கு வந்தேன். ராப்போஜனத்திலிருந்து என்னை ஒரு வருஷம் விலக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போகையில் நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பயந்துவிட்டாய். அது எனக்குப் புரியாதா? பயந்துவிட்டேன் அக்கா என்று எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே. உன் பட்டத்துக்கு அழைப்புகூட ஐயர் வீட்டுக்குத்தான் வந்தது.

கூப்பிடாவிட்டாலும் வருவேன். பட்டம் பெற்றதும் முதன்முதலாக அப்பம் பிட்டுக் கொடுப்பாய் அல்லவா, அந்த வரிசையில் நானும் முழங்காலில் இருப்பேன். என்னைத் தாண்டிப் போய்விடாதே தம்பி. கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக.

உன் அக்கா,
கிருபாபாய்